கொம்யூன்கள் கேட்கும் ஒரே வரம்

பாட்டிமார் சொல்லும் பழைய கதை ஒன்று உண்டு. கண் பார்வையற்ற கிழவர் ஒருவர். குடியிருக்க வீடு இல்லை. கையில் காலணா இல்லை. பிள்ளை குட்டியும் இல்லை. அவருடைய தவத்துக்கு இரங்கிக் கடவுள் பிரத்தியட்சமானார். "ஒரே ஒரு வரந்தான், யோசித்துக் கேள்" என்றார். கண்ணைக் கேட்பதா, காசைக் கேட்பதா, குழந்தையைக் கேட்பதா? கிழவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "ஸ்வாமி! ஏழடுக்கு மாளிகையின் மேல்மாடத்தில் என் பேரன் பொற்கிண்ணத்தில் பாற்சோறு உண்பதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும்" என்றார். கடவுளுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். ஒரே வரத்தில் எல்லா வரங்களும் அடங்கிவிட்டன அல்லவா?

புதுச்சேரியைச் சுற்றியுள்ள கிராமப் பகுதிகளில் பிரயாணம் செய்யும்போதெல்லாம் இந்தக் கதை நினைவுக்கு வருகிறது. வில்லியனூர், பாகூர் என்னும் இரண்டு கொம்யூன்களுக்கும் குறைகள் நிரம்ப உண்டு. ஏரிக்குத் தண்ணீர் வர வேண்டும், வந்த தண்ணீர் ஊருக்குள் புகாமல் வடிய வேண்டும், சாலை வேண்டும், விளக்கு வேண்டும், நிலத்தடி நீரில் உப்பு ஏறாமல் காக்க வேண்டும். இவற்றையெல்லாம் புதுவைச் சட்டசபையிடந்தான் கேட்டாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டால் எதுவும் கிடைக்காது என்பது உலக அநுபவம். எதை முதலில் கேட்பது?

அமெரிக்காவில் பல நகரசபைகள் இந்த விஷயத்தில் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கின்றன. தங்கள் மாநிலச் சட்டசபை கூடுவதற்கு முன்னால் நகரசபை அங்கத்தினர்கள் கூடி உட்கார்ந்து, "இந்த வருஷம் நாம் சட்டசபையிடம் கேட்க வேண்டியவை இவை, முதலில் இது, அடுத்தது அது" என்று வரிசைப்படுத்தித் தீர்மானம் போடுகிறார்கள். பிறகு அந்த ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு சட்டசபை அங்கத்தினர்களைப் பிடித்து உலுக்குகிறார்கள். நம் வில்லியனூரும் பாகூரும் அப்படி ஒரு ஜாபிதா தயாரித்தால் என்ன என்று கேட்கலாம். தயாரிக்கலாம், ஆனால் ஒரு சிறு இடைஞ்சல் இருக்கிறது. தீர்மானம் போடுவதற்குச் சபை வேண்டும். சபை எங்கே?

தேர் இழுத்த ஊர்

புதுச்சேரி நகரத்துக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றுக்கு அருகில் இருக்கிறது வில்லியனூர். திருக்காமீசுவரரும் கோகிலாம்பிகையும் கோயில் கொண்ட தலம். இந்த ஊர்த் தேர்த் திருவிழாவில் ஒரு விசேஷம் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் துரையே வந்து வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைப்பாராம். பிரெஞ்சுக்காரர் போன பிறகும் அந்த மரபு போகவில்லை. இப்போது துணைநிலைக் கவர்னரும் முதல் மந்திரியும் வந்து வடம் பிடிக்கிறார்கள். ஆண்டவன் சந்நிதியில் ஆளுகிறவரும் ஆளப்படுகிறவரும் ஒரே கயிற்றில் கை வைக்கிறார்கள். ஜனநாயகம் என்பதற்கு இதைவிட நல்ல சித்திரம் வேண்டுமா?

வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கிராமங்களில் ஒன்று கீழூர். வரைபடத்தில் தேடினால் எளிதில் அகப்படாது. ஆனால் இந்திய சரித்திரத்தில் அதற்கு அழியாத இடம் உண்டு. 1954-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 18-ஆம் தேதி, புதுவையின் பிரதிநிதி சபை அங்கத்தினர்களும், கொம்யூன்களின் முனிசிபல் கவுன்ஸிலர்களுமாக 178 பேர் இந்தக் கீழூரில் கூடினார்கள். பிரெஞ்சிந்தியா பாரதத்தோடு இணைவதா, வேண்டாமா என்பது கேள்வி. இணைய வேண்டும் என்று 170 பேர் வாக்களித்தார்கள். எதிராக வாக்களித்தவர்கள் 8 பேர். நவம்பர் முதல் தேதி ஆட்சி கை மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி பூர்த்தியாயிற்று. அந்த நாளில் வருஷந்தோறும் கீழூர் நினைவு மண்டபத்தில் கொடி ஏறுகிறது.

இங்கே நேயர்கள் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். புதுவை தேசத்தின் தலைவிதியை நிர்ணயித்த அந்த 178 பேரில் ஊராட்சி நடத்திய கவுன்ஸிலர்களும் அடக்கம். ஊர்த் தெருவுக்கு விளக்குப் போடவும், சாக்கடை வெட்டவும், பிறப்பு இறப்புப் பதியவும் ஜனங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள் அவர்கள். அவர்களுடைய சொல்லைத்தான் பிரெஞ்சு சர்க்காரும் இந்திய சர்க்காரும் ஜனங்களின் சொல் என்று ஏற்றுக்கொண்டன. ஒரு தேசத்தை இன்னொரு தேசத்தோடு சேர்க்கும் அளவுக்குப் பெரியதாக இருந்தது கொம்யூன் கவுன்ஸிலரின் கை.

அந்தக் கை இன்று எங்கே என்பதுதான் நம் கேள்வி.

ரிப்பன் பிரபுவுக்கு முன்பே

பிரிட்டிஷ் இந்தியாவில் ஸ்தல சுயாட்சிக்குத் தந்தை என்று ரிப்பன் பிரபுவைச் சொல்வது வழக்கம். அவருடைய பிரசித்தி பெற்ற தீர்மானம் வெளியானது 1882-ஆம் வருஷம். அதற்கு இரண்டு வருஷம் முன்னதாகவே, 1880-ஆம் வருஷம் மார்ச்சு 12-ஆம் தேதிய பிரெஞ்சு சாஸனம் ஒன்று, பிரெஞ்சிந்தியாவைக் கொம்யூன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட முனிசிபல் கவுன்ஸிலும் மேயரும் உண்டு என்று ஏற்படுத்தியது. வில்லியனூரும் பாகூரும் அப்போதே கொம்யூன்கள். பிறகு 1907-இல் கொம்யூன்களின் எண்ணிக்கை 17 ஆக உயர்ந்தது. பட்டணத்துக்கு மட்டும் முனிசிபாலிடி, கிராமத்துக்குத் தாசில்தார் என்ற பேதம் அங்கே கிடையாது. பாகூரில் ஏர் உழுதவரும் தம் கொம்யூன் மேயரைப் பார்த்து, "நீர் எங்கள் ஓட்டு வாங்கி வந்தவர் அல்லவா?" என்று கேட்கலாம்.

இதைச் சொல்வதால் பிரெஞ்சுக்காரர் காலம் பொற்காலம் என்று எண்ணிவிட வேண்டாம். வாக்காளர் ஜாபிதாவை நிறத்தின்படியும் அந்தஸ்தின்படியும் பிரித்து வைத்திருந்த காலம் அது. நாடு சண்முக வேலாயுத முதலியார் என்ற ஒரே பிரமுகர் நீண்ட காலம் தேர்தல்களை ஆட்டிவைத்தார். தேர்தல் நாள் என்றால் தடியும் கல்லும் பறக்கும் நாள் என்று புதுவைக்கு ஒரு பெயரே இருந்தது. மேயர் பதவியைப் பிடித்தவர் வாக்குப் பெட்டியையும் பிடித்தார். எத்தனையோ கோணல் இருந்தாலும் சபை என்று ஒன்று இருந்தது. சபை இருந்ததனால்தான், காலம் கனிந்தபோது அந்தச் சபைகளே திரும்பி நின்று அந்நிய ஆட்சியை வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. 1954-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் புதுவைப் பகுதியின் மேயர்களும் கவுன்ஸிலர்களும் இணைப்பை ஆதரித்து எழுந்தார்கள். பாகூருக்கு அடுத்த நெட்டப்பாக்கத்தில் அந்த மாத இறுதியில் மூவர்ணக் கொடி ஏறியது. சட்டமும் சபையும் கொடுத்த வெள்ளைக்காரனையே அந்தச் சபையைக் கொண்டு வெளியேற்றிய கதை இது.

நாற்காலி காலியான விதம்

பிறகு நடந்தது என்ன? சொல்வதற்கு மனம் கூசுகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1968-ஆம் வருஷம் பழைய பிரெஞ்சுச் சட்டத்தின் கீழேயே கொம்யூன்களுக்கு ஒரு தேர்தல் நடந்தது. 1973-இல் புதுவைச் சட்டசபை முனிசிபாலிடிகளுக்கு ஒரு சட்டமும், கிராம, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒரு சட்டமும் இயற்றியது. பெயர் மாறியது, அமைப்பு மாறியது. 1968-இல் வந்த கவுன்ஸிலர்களின் காலம் நீட்டிக்கப்பட்டு, 1978-இல் முடிவுற்றது. புதிய சட்டப்படி புதிய தேர்தல் மட்டும் வரவில்லை. நாற்காலிகளில் அதிகாரிகள் அமர்ந்தார்கள்.

1993-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி இந்திய அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் அமுலுக்கு வந்தது. பஞ்சாயத்துக்கு ஆயுள் ஐந்து வருஷம். அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் தர வேண்டும் என்றெல்லாம் கண்டிப்பாக விதித்தது அந்தத் திருத்தம். ஆயினும் புதுவையில் தேர்தல் வருவதற்கு மேலும் பதின்மூன்று வருஷம் சென்றது. 2006-இல் ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. 98 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும், 10 கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் ஜனங்களின் பிரதிநிதிகள் வந்தார்கள். 38 வருஷத்துக்குப் பிறகு வந்த தேர்தல்! 1968-இல் பிறந்த குழந்தை, தலையில் நரை எட்டிப் பார்க்கும் பருவத்தில், தன் ஊராட்சிக்கு முதல் ஓட்டைப் போட்டது.

அந்தப் பிரதிநிதிகளின் காலம் 2011-இல் முடிந்தது. மறுபடியும் அதிகாரிகள் வந்தார்கள். 2021-ஆம் வருஷம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தேர்தல் என்று அறிவிப்பு வெளியாயிற்று. வார்டுகளின் ஒதுக்கீடு பற்றிய வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின, அறிவிப்புத் திரும்பப் பெறப்பட்டது, தேர்தல் நின்றது. 1968-க்குப் பிறகு 2024 வரையில் 56 வருஷம். அவ்வளவு நீண்ட காலத்தில் கொம்யூன்களுக்கு நடந்த தேர்தல் ஒன்றே ஒன்று. கும்பகோணத்து மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்துவிடுகிறது. கொம்யூன் தேர்தலுக்கு அந்த நிச்சயங்கூட இல்லை!

அண்டை அயலைப் பாருங்கள். தமிழ்நாட்டிலும் 2016-இல் வர வேண்டிய ஊராட்சித் தேர்தல் தட்டுக்கெட்டுத்தான் போயிற்று. ஆயினும் பாகூரை ஒட்டிய கடலூர் ஜில்லாவில் 2019 டிசம்பரிலும், வில்லியனூரை ஒட்டிய விழுப்புரம் ஜில்லாவில் 2021 அக்டோபரிலும் தேர்தல் நடந்தது. புதுவை நிலமோ தமிழ்நாட்டு நிலத்தோடு திட்டுத் திட்டாகப் பின்னிக் கிடப்பது. வரப்புக்கு அந்தப் பக்கம் உள்ளவர் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்க, இந்தப் பக்கம் உள்ளவர் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மனுக் கொடுக்கும் படலம்

"தேர்தல் இல்லாவிட்டால் என்ன முழுகிப் போயிற்று? அதிகாரிகள் வேலை செய்கிறார்களே!" என்று சிலர் கேட்கலாம். செய்கிறார்கள்; அவர்களில் நல்லவர்கள் பலர். ஆனால் என்ன முழுகிப் போயிற்று என்ற கேள்விக்குப் பாகூர்ப் பக்கத்தில் நேரான பதிலே இருக்கிறது. அங்கே உண்மையாகவே ஊர் முழுகியது.

2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அது போதாதென்று, திருவண்ணாமலை ஜில்லாவில் உள்ள சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2-ஆம் தேதி வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையாற்றில் வந்தது. ஆற்றங்கரையில் உள்ள சோரியாங்குப்பம், குருவிநத்தம் முதலிய பாகூர்க் கொம்யூன் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. புயலைத் தேர்தல் தடுத்துவிடாதுதான். ஆனால் எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, எந்தக் கரை பலவீனம், எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது ஊரில் வாழ்கிறவனுக்குத்தான் தெரியும். அவனுடைய சொல் சபையில் ஏறினால்தான் அதை மழைக்காலத்துக்கு முன்பே கவனிக்க முடியும்.

அப்படிப்பட்ட ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு குடியானவர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். வடிகால் தூர்ந்துவிட்டது. கொம்யூன் அலுவலகத்துக்குப் போகிறார்.

"ஐயா, எங்கள் ஊர் வடிகாலைத் தூர்வாரி இரண்டு வருஷமாகிறது. ஐப்பசி வந்தால் வீட்டுக்குள் தண்ணீர்" என்கிறார்.

"பெரியவரே, நான் போன மாதந்தான் இங்கே மாற்றலாகி வந்தேன். மேலே எழுதிப் போட்டிருக்கிறது. பணம் வந்ததும் பார்க்கலாம்" என்கிறார் அதிகாரி. அவர் சொல்வது பொய்யல்ல.

அடுத்த வருஷம் பெரியவர் மறுபடி போகிறார். நாற்காலியில் வேறு ஓர் அதிகாரி. "பெரியவரே, நான் போன மாதந்தான்..." என்று அவரும் ஆரம்பிக்கிறார். அதுவும் பொய்யல்ல!

யார்மேல் கோபித்துக்கொள்வது? அதிகாரி யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரோ அவர் புதுச்சேரியில் இருக்கிறார். குடியானவருக்கு அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரோ, நல்லவரோ கெட்டவரோ, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தே தீர வேண்டும். அந்தத் திண்ணைதான் ஸ்தல சுயாட்சியின் சிங்காதனம்.

ஏரி சொல்லும் பாடம்

பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்று சொல்வார்கள். புதுவைப் பிரதேசத்தில் ஊசுட்டேரிக்கு அடுத்தபடியாகப் பெரிய ஏரி பாகூர் ஏரி. தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையாற்றுத் தண்ணீர் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. பங்காரி, சிங்காரி என்ற இரண்டு சகோதரிகள் வாய்க்கால் வெட்டுவித்தார்கள் என்பது ஊரார் சொல்லும் கதை. கல்வியிலும் பாகூர் பழம் பெருமை உடையது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடுகள், இங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று கிராமங்களைத் தானமாக விட்டதைச் சொல்கின்றன.

இந்த ஏரிகள் விஷயத்தில் புதுவை ஓர் அருமையான பரீட்சை செய்து பார்த்திருக்கிறது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகிய பிறகு ஏரிகளைக் கவனிப்பார் இல்லை, அவை தூர்ந்தன. கடலோரப் பகுதிகளில் கிணற்று நீரில் உப்பும் தலைகாட்டியது. 1999-ஆம் வருஷம் ஐரோப்பிய யூனியன் உதவியோடு புதுவைப் பகுதியின் 84 ஏரிகளைப் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கிற்று. கண்டிராக்டரை மட்டும் நம்பாமல், ஏரியை அநுபவிக்கும் ஜனங்களையே சங்கமாகச் சேர்த்து அவர்களையும் வேலையில் பங்காளிகளாக்கினார்கள். பொறுப்பைக் கையில் கொடுத்தால் கிராமத்தார் ஏற்கத் தயார் என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் திட்டத்துக்கு ஆயுள் உண்டு. திட்டம் முடிந்தால் பணமும் முடியும். நிரந்தரமாக நிற்கக்கூடியது சட்டத்தின் பலம் பெற்ற ஊராட்சி ஒன்றுதான்.

தண்ணீரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பாகூர் ஏரிக்கு வரும் நீரும், பாகூரை முழுக்கும் நீரும் அயல் மாநிலத்திலிருந்து வருபவை. பாகூர்க் கொம்யூன் நேராகத் தமிழ்நாட்டு சர்க்காரிடம் பேச முடியாது. புதுவை சர்க்கார்தான் பேச வேண்டும். புதுவை சர்க்காரைப் பேசச் சொல்லி வற்புறுத்தப் பாகூருக்கு ஒரு வாய் வேண்டும். ஒரு மனிதர் தனியாகப் போய்ச் சொன்னால் அது முறையீடு. ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை தீர்மானம் போட்டுச் சொன்னால் அது கோரிக்கை. முறையீட்டைக் கோப்பில் கட்டி வைத்துவிடலாம். கோரிக்கையை அப்படிக் கட்டி வைப்பது கஷ்டம்.

இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி

இனி, பண விஷயம். மத்திய சர்க்கார் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நிதிக் கமிஷன் நியமித்து, வரிப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பதினைந்தாவது நிதிக் கமிஷன் 2021 முதல் 2026 வரைக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கென்று மட்டும் 4,36,361 கோடி ரூபாய் சிபார்சு செய்தது. இதில் வில்லியனூருக்கும் பாகூருக்கும் எவ்வளவு? சூன்யம்! ஏனென்றால் அந்தப் பங்கீடு மாநிலங்களுக்கு மட்டுமே. புதுவை யூனியன் பிரதேசம். ஆகையால் அந்தப் பந்தியில் அதற்கு இலை கிடையாது.

சரி, நாளைக்கே புதுவைக்கும் இலை போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சாதம் விழாது. ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இருக்கும் ஊராட்சிக்கே அந்த மானியம் என்பது நிபந்தனை. ஆகப் பெட்டிக்கு இரண்டு பூட்டுகள். ஒரு பூட்டின் சாவி தில்லியில் இருக்கிறது. இன்னொன்றின் சாவி புதுச்சேரியிலேயே இருக்கிறது. தில்லிச் சாவிக்காக முறையிடுவது நியாயந்தான். ஆனால் தம் மடியில் இருக்கும் சாவியை வைத்துக்கொண்டே, "பெட்டி திறக்கவில்லையே!" என்று அங்கலாய்ப்பது எந்த ஊர் நியாயம்?

ஸ்தல ஸ்தாபனங்களுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். புதுவைப் பிரதேசத்தின் ஒரு துண்டாகிய மாஹேயைச் சுற்றியுள்ள கேரளத்தைப் பார்த்தால் போதும். 1996-ஆம் வருஷம் தொடங்கிய ஜனத் திட்டத்தில், மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவிகிதம் வரையில் ஸ்தல ஸ்தாபனங்களின் பொறுப்பில் விடுவது என்று கேரள சர்க்கார் முடிவு செய்தது. எந்தச் சாலை, எந்தப் பள்ளி என்பதைக் கிராமசபைகளில் பேசித் தீர்மானித்தார்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

எம்.எல்.ஏ. இருக்கும்போது...

தேர்தலுக்குத் தடையாகச் சொல்லும் வாதங்களில் ஒன்று கொஞ்சம் பலமானது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2011-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி புதுவையின் ஜனத்தொகை 12,47,953. தேர்ந்தெடுக்கப்படும் சட்டசபை அங்கத்தினர் 30 பேர். சராசரி சுமார் 41,600 பேருக்கு ஓர் அங்கத்தினர். தமிழ்நாட்டிலோ சுமார் 3 லட்சத்து 8 ஆயிரம் பேருக்கு ஒருவர். ஆகவே புதுவைச் சட்டசபை அங்கத்தினர் தம் தொகுதியின் தெருக்களையெல்லாம் அறிவார். கல்யாணத்துக்கும் வருவார், கருமாதிக்கும் வருவார். "இவரே இருக்கும்போது பஞ்சாயத்துத் தலைவர் எதற்கு?" என்கிறார்கள்.

வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பானையின் மறுபக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். சட்டம் செய்ய அனுப்பியவர் சாக்கடை பார்க்க வந்துவிட்டால், சட்டத்தைப் பார்ப்பவர் யார்? சர்க்காரைக் கேள்வி கேட்க அனுப்பியவர் அந்த சர்க்காரிடமே தெருவிளக்குக்கும் குழாய்க்கும் கை நீட்டி நிற்க நேர்ந்தால், கேள்வி கேட்கும் நாக்கு எழும்புமா? ஓட்டுப் போட்ட தெருவுக்கு விளக்கு, போடாத தெருவுக்கு இருட்டு என்று ஆனால் யாரிடம் முறையிடுவது? இவற்றுக்கெல்லாம் மேலாக இன்னொரு சந்தேகமும் எழுகிறது. தொகுதிக்குள் ஜனங்களின் ஓட்டு வாங்கிய இன்னொரு தலைவர் தோன்றினால், அவர் நாளைக்குத் தமக்கே போட்டியாக வந்துவிடுவாரோ என்ற பயம் சிலர் மனத்தில் இருக்குமோ? இருக்குமானால், அந்தப் பயமே தேர்தல் வேண்டும் என்பதற்குச் சிறந்த காரணம்.

வார்டு ஒதுக்கீட்டுச் சிக்கல் மெய்யான சிக்கல்தான். பிற்பட்ட வகுப்பினருக்கும் மலைஜாதியினருக்கும் நியாயமான இடம் கிடைக்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் நியாயமான பங்கு எது என்ற விசாரணை முடியும் வரையில் எல்லோரும் பட்டினி கிடக்க வேண்டும் என்பது பங்கு அல்ல. கணக்கெடுக்க வேண்டியதை எடுத்து, வார்டு பிரிக்க வேண்டியதைப் பிரித்து, நீதிமன்றம் ஒப்பும்படி சட்டத்தைத் திருத்துவது சட்டசபையின் கையில்தான் இருக்கிறது.

கேட்கும் வாயும் கொடுக்கும் கையும்

புதுவைச் சட்டசபைக்கே ஒரு பெரிய மனக்குறை உண்டு. யூனியன் பிரதேசமாக இருப்பதால் முக்கியமான காரியம் ஒவ்வொன்றுக்கும் துணைநிலைக் கவர்னரையும் தில்லியையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. "ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபை நாங்கள், நியமனம் பெற்று வந்தவர் கையில் அதிகாரம் இருப்பது ஜனநாயகமா?" என்று கேட்கிறது சட்டசபை. மாநில அந்தஸ்து வேண்டும் என்று அது பல முறை தீர்மானம் போட்டிருக்கிறது; 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்திலும் போட்டது.

நியாயமான கேள்வி. நாமும் அதை ஆதரிக்கிறோம். ஆனால் அதே வாக்கியத்தை வில்லியனூரும் பாகூரும் எழுத்து மாறாமல் புதுவைச் சட்டசபையைப் பார்த்துத் திருப்பிச் சொல்லலாமே! "எங்கள் கொம்யூனில் நியமனம் பெற்று வந்தவர் கையில் அதிகாரம் இருப்பது ஜனநாயகமா?" மேலே பார்த்துக் கேட்கும் வாய், கீழே பார்த்துக் கொடுக்கும் கையாகவும் இருக்க வேண்டும். தம் கிராமங்களுக்குச் சுயாட்சி கொடுத்துவிட்டுத் தில்லிக்குப் போகும் சட்டசபையின் சொல்லுக்கு இரட்டிப்பு மதிப்பு உண்டு.

ஆகையால், கொம்யூன்களின் ஜாபிதாவைக் கதைக் கிழவரைப்போல் ஒரே வாக்கியத்தில் எழுதிவிடலாம். "எங்கள் ஓட்டினால் வந்த சபை, ஐந்து வருஷம் தவறாமல், சட்டம் குறித்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பாகூர் ஏரிக்கரையில் கூடி வடிகால் கணக்குப் பார்ப்பதை நாங்கள் கண்ணாரக் காண வேண்டும்." தேர்தல், காலக் கெடு, நிதி, அதிகாரம், தண்ணீர் எல்லாம் இதில் அடங்கிவிட்டன.

இந்த வரத்தைக் கேட்க வேண்டியவர்கள் யார்? சபை இல்லாத ஊரில் வீடுகள்தான் சபை. சட்டசபைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு யார் திண்ணையில் வந்து உட்கார்ந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், காப்பி கொடுத்து உபசரித்துவிட்டு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். "சாலை போடுவேன், விளக்குப் போடுவேன் என்பதெல்லாம் இருக்கட்டும். எங்கள் கொம்யூன் தேர்தலை எந்த மாதத்தில் நடத்துவீர்கள்?" வீட்டிலுள்ள ஸ்திரீகள் இதை அவசியம் கேட்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத நாற்காலிகள் அவர்களுடைய சொத்து. அந்தச் சொத்து 2011 முதல் பூட்டிக் கிடந்ததன் நஷ்டம் அவர்களுக்கே அதிகம்.

வில்லியனூர்த் தேரைத் தொடங்கி வைக்கப் பெரியவர்கள் வருகிறார்கள். வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். நான்கு வீதியும் சுற்றித் தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் ஊர் ஜனங்கள். கீழூரில் 170 கைகள் சேர்ந்து இழுத்த தேர் இது. அந்தக் கைகளின் பேரன் பேத்திகளிடம் வடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும். தேர் நிலைக்கு வந்து சேரும்.